அறுவைக்கு எட்டாத கல்லீரல் புற்று: மருந்தைக் கூட்டினால் பலனும் கூடுமா?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பல குடும்பங்களில் பெரியவர்கள் ஊரில் இருப்பார்கள், பிள்ளைகள் கடல் கடந்து இருப்பார்கள். பெரியவருக்குக் கல்லீரலில் கட்டி, ஆபரேஷன் செய்ய வழியில்லை என்று மதுரையிலோ திருச்சியிலோ சொல்லிவிட்டால், அன்று இரவே சிங்கப்பூரிலிருந்து ஒரு செய்தித் துணுக்கு வந்து சேரும்: ‘புதிய கூட்டு சிகிச்சையில் நோய் கட்டுக்குள் இருக்கும் காலம் ஏறக்குறைய இரட்டிப்பு.’ அடுத்த வாரம் அமெரிக்காவில் இருக்கும் மகளிடமிருந்து இன்னொன்று: ‘கூட்டு சிகிச்சைச் சோதனை தோல்வி.’ இரண்டும் பொய்யில்லை. ஒரே மாதத்தில், ஒரே மருத்துவ இதழில்கூட இப்படி இரண்டு முடிவுகள் வரலாம்.

“அப்பச்சிக்கு ஒரு மருந்து மட்டும் எதுக்கு? ரெண்டையும் சேத்தே குடுத்திருங்களேன் டாக்டர்” என்று பிள்ளைகள் கேட்பது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் ஒரு வரியில் வராது. கல்லீரல் புற்றில் பெரும்பாலும் புற்று, பழுதான கல்லீரல் என்று இரண்டு நோய்கள் சேர்ந்தே இருக்கின்றன என்பதில் தொடங்கி, ஒரு சோதனையில் எதை எதோடு ஒப்பிட்டார்கள் என்பது வரை போக வேண்டியிருக்கிறது.

## எந்தப் புற்றைப் பற்றிய பேச்சு இது

கல்லீரலில் கட்டி என்றாலே கல்லீரல் புற்று ஆகிவிடாது. குடல், மார்பு, கணையம் ஆகியவற்றில் தொடங்கிய புற்று கல்லீரலுக்குப் பரவுவதும் உண்டு. அதற்கான மருந்துகளே வேறு. இங்கே பேசுவது கல்லீரல் செல்லிலேயே தொடங்கும் புற்று. மருத்துவர்கள் ‘ஹெச்.சி.சி.’ என்று சீட்டில் எழுதுவது இதைத்தான். கல்லீரலிலேயே பிறக்கும் புற்றுகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் இந்த வகை.

பெரும்பாலும் இது நல்ல கல்லீரலில் வருவதில்லை. ஹெபடைட்டிஸ் பி அல்லது சி வைரஸ், மது, சர்க்கரையோடும் பருமனோடும் வரும் கொழுப்புக் கல்லீரல் என ஏதோ ஒன்று பல ஆண்டுகளாகக் கல்லீரலைப் புண்ணாக்கி, தழும்பாக்கி, சுருக்கிவிட்ட பிறகே வருகிறது. இந்தச் சுருக்கத்துக்குச் சிரோசிஸ் என்று பெயர். ஈரத்தில் பூஞ்சை பிடித்த நிலக்கடலையிலும் சோளத்திலும் உண்டாகும் அஃப்லாடாக்சின் நஞ்சும் காரணங்களில் ஒன்று. குறிப்பாக ஹெபடைட்டிஸ் பி இருப்பவர்களுக்கு அது ஆபத்தைப் பல மடங்கு ஏற்றுகிறது.

‘அறுவைக்கு எட்டாது’ என்று மருத்துவர் சொல்வதற்குப் பின்னால் மூன்று வேறு காரணங்களில் ஒன்று இருக்கும்:

1. கட்டி இருக்கும் விதம். பல இடங்களில் சிதறியிருக்கலாம். பெரிய ரத்தக்குழாயை ஒட்டியிருக்கலாம். குடலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரைக்குள்ளேயே நுழைந்திருக்கலாம்.

2. கல்லீரலைத் தாண்டி நுரையீரல், எலும்பு என்று பரவியிருப்பது.

3. கட்டி சிறியதாக இருந்தும், வெட்டியது போக மீதியிருக்கும் கல்லீரல் உடலைத் தாங்காது என்ற நிலை.

குடும்பத்தார் அதிகம் குழம்புவது மூன்றாவதில்தான். ‘கட்டி நாலு சென்டிமீட்டர்தானே, ஏன் எடுக்க மாட்டேங்கிறாங்க?’ என்பார்கள். அங்கே தடையாக நிற்பது கட்டியைச் சுற்றியிருக்கும் கல்லீரல். இப்படிப்பட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் மாற்று அறுவை பொருந்தும். ஒரே கட்டியென்றால் 5 செ.மீ.க்குள், இரண்டு மூன்று என்றால் ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள் என்று 1996இல் இத்தாலியின் மிலான் நகரிலிருந்து வந்த வரையறையே இன்றும் அடிப்படை. அந்த வழியும் அடைபட்டவர்களுக்காகத்தான் கூட்டு சிகிச்சைச் சோதனைகள் நடக்கின்றன.

## கல்லீரலின் மதிப்பெண்

மீதியிருக்கும் கல்லீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்று பார்க்க ‘சைல்ட்-பியூ’ என்ற கணக்கு இருக்கிறது. ஐந்து விஷயங்கள்: பிலிரூபின் (காமாலையில் ஏறும் மஞ்சள் பொருள்), ஆல்புமின் (கல்லீரல் செய்யும் ரத்தப் புரதம்), ரத்தம் உறையும் நேரம், வயிற்றில் நீர் கோத்திருக்கிறதா, அறிவு தடுமாறுகிறதா. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3 வரை புள்ளி. கூட்டினால் 5 அல்லது 6 வந்தால் ‘ஏ’. 7 முதல் 9 வரை ‘பி’. 10 முதல் 15 வரை ‘சி’. பள்ளி மதிப்பெண்ணுக்கு நேர் எதிர்: இங்கே குறைய வாங்கியவரே தேறியவர்.

இந்தப் புள்ளியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வரும் பெரிய சோதனைகள் எல்லாம் ஏறக்குறைய ‘ஏ’ பிரிவினரை மட்டுமே சேர்த்துக்கொண்டவை.

## தனித்தனியாக என்னென்ன இருக்கின்றன

கல்லீரலுக்கு இரண்டு வழியாக ரத்தம் வருகிறது. ஏறக்குறைய முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாகவும், மீதி தமனி வழியாகவும். கட்டியோ தன் ரத்தத்தைப் பெரும்பாலும் தமனியிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. இந்த வேறுபாட்டைப் பயன்படுத்துவதுதான் ‘டேஸ்’ சிகிச்சை. தொடையிலோ மணிக்கட்டிலோ குழாய் நுழைத்து, கட்டிக்குப் போகும் தமனிக் கிளை வரை கொண்டுபோய், புற்று மருந்தைச் செலுத்தி அந்தக் கிளையை அடைத்துவிடுவார்கள். 2002இல் பார்சிலோனாவிலும் ஹாங்காங்கிலும் தனித்தனியாக நடந்த இரண்டு சோதனைகள் இது ஆயுளை நீட்டுகிறது என்று காட்டின. நோய் கல்லீரலுக்குள்ளேயே இருந்து, பெரிய ரத்தக்குழாய்க்குள் நுழையாதவர்களுக்கு இது நிலைத்த சிகிச்சையானது, அதாவது எல்லோரும் ஏற்ற வழக்கமான சிகிச்சை.

நோய் அதைத் தாண்டியவர்களுக்கு மாத்திரை. கட்டிக்குப் புது ரத்தக்குழாய் முளைப்பதைத் தடுக்கும் சோராஃபெனிப் முதலில் வந்தது. ‘ஷார்ப்’ என்ற சோதனையில் 602 பேர். மருந்தில்லா மாத்திரை சாப்பிட்டவர்களின் நடுமதிப்பு ஆயுள் 7.9 மாதம், சோராஃபெனிப் சாப்பிட்டவர்களுக்கு 10.7 மாதம். நடுமதிப்பு என்றால் பாதிப் பேர் அதற்குள் இறந்தார்கள், பாதிப் பேர் அதைத் தாண்டினார்கள் என்று பொருள். ‘டாக்டர் பத்து மாசம்னு சொல்லிட்டாரு’ என்று அதை ஒரு தனி மனிதருக்குக் குறித்த நாளாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2018இல் லென்வாடினிப், சோராஃபெனிப்புக்குக் குறைந்ததில்லை என்று நிரூபணமாகி, முதலில் கொடுக்கும் மாத்திரைகளில் இரண்டாவதாகச் சேர்ந்தது.

மூன்றாவது வகை, நோய் எதிர்ப்புச் செல்களின் மேல் புற்று போட்டு வைத்திருக்கும் தடையை நீக்கும் ஊசிகள். இவற்றை எதிர்ப்பூசி என்போம். அடெசோலிசுமாப், டர்வாலுமாப், நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் எல்லாம் இந்தக் குடும்பம். தனியாகக் கொடுத்தபோது இவை எதிர்பார்த்த அளவுக்கு எழவில்லை. நிவோலுமாப்பைச் சோராஃபெனிப்போடு நேருக்கு நேர் ஒப்பிட்டதில் நிவோலுமாப்புக்கு 16.4 மாதம், சோராஃபெனிப்புக்கு 14.7 மாதம் ஆயுள். அந்த வித்தியாசம் தற்செயலாக வந்ததல்ல என்று சொல்லும் அளவுக்குத் தெளிவாக இல்லை.

## கூட்டுவதற்கான காரணம் காகிதத்தில் அழகானது

டேஸ் செய்து ரத்தத்தை அடைத்தால் கட்டி மூச்சுத் திணறுகிறது. திணறும் கட்டி, ‘வெஜ்எஃப்’ என்ற வளர்ச்சிப் பொருளைக் கூடுதலாகச் சுரந்து புதிய ரத்தக்குழாய்களை வரவழைக்கப் பார்க்கிறது. அப்படியானால் டேஸோடு சேர்த்து அந்தப் பொருளைத் தடுக்கும் மருந்தையும் கொடுத்தால்?

அதே வெஜ்எஃப், எதிர்ப்புச் செல்கள் கட்டிக்குள் நுழைவதையும் தடுக்கிறது. அப்படியானால் அதைத் தடுத்துவிட்டு எதிர்ப்பூசி போட்டால்?

ஆய்வுக்கூடத்தில் இரண்டுமே சரியான கேள்விகள். முதல் கேள்விக்குச் சோராஃபெனிப்பை வைத்துத் தேடிய பதில் பல ஆண்டுகள் ஏமாற்றமாகவே வந்தது. டேஸோடு சோராஃபெனிப் சேர்த்த ‘ஸ்பேஸ்’ சோதனையும், பிரிட்டனில் நடந்த ‘டேஸ் 2’ சோதனையும் பலன் காட்டவில்லை. ஜப்பானின் ‘டாக்டிக்ஸ்’ சோதனையில் நோய் வளராத காலம் 13.5 மாதத்திலிருந்து 25.2 மாதமாக ஏறியது. ஆனால் கடைசியில் ஆயுளைக் கணக்கிட்டபோது இரு குழுவுக்கும் நிரூபிக்கத்தக்க வேறுபாடு இல்லை. இரண்டாவது கேள்விக்குப் பதில் 2020இல்தான் வந்தது.

## ஒரு மருந்துக் கூட்டின் கதை: டாக்ஸோரூபிசின்

கூட்டு சிகிச்சைச் செய்தியை எப்படிப் படிப்பது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் கிடையாது என்பது என் எண்ணம். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

டாக்ஸோரூபிசின் பழைய கீமோ மருந்து. சிவப்பு நிறத்தில் ஏற்றுவார்கள். கல்லீரல் புற்றில் அது ஆயுளைத் தெளிவாக நீட்டியதாக எப்போதும் நிரூபணமானதில்லை. 96 பேரை வைத்து ஒரு இரண்டாம் கட்டச் சோதனை (பலனின் அறிகுறி தெரிகிறதா என்று சிறு அளவில் பார்ப்பது) நடந்தது. ஒரு குழுவுக்கு டாக்ஸோரூபிசினும் சோராஃபெனிப்பும். இன்னொன்றுக்கு டாக்ஸோரூபிசினும் மருந்தில்லா மாத்திரையும். முடிவு 2010இல் வெளியானது: கூட்டு மருந்துக்காரர்கள் 13.7 மாதம், மற்றவர்கள் 6.5 மாதம். இரட்டிப்புக்கும் மேல்!

இங்கே கேட்க வேண்டியது: எதோடு ஒப்பிட்டார்கள்? டாக்ஸோரூபிசின் மட்டும் கொடுத்தவர்களோடு. சோதனை முடிவதற்குள்ளேயே சோராஃபெனிப் தனியாகவே பலன் தரும் என்று உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. ஆகவே அந்த 13.7 மாதம் கூட்டின் பலனா, கூட்டில் இருந்த சோராஃபெனிப்பின் பலனா என்று இந்தச் சோதனையால் சொல்லவே முடியாது.

சொல்ல வேண்டுமானால் சோராஃபெனிப்போடு டாக்ஸோரூபிசின் சேர்த்தவர்களை, சோராஃபெனிப் மட்டும் சாப்பிட்டவர்களோடு ஒப்பிட வேண்டும். அமெரிக்காவில் அதையே மூன்றாம் கட்டச் சோதனையாக (பெரிய எண்ணிக்கையில் ஒப்பிட்டு முடிவு காண்பது) செய்தார்கள். 356 பேர் சேர்ந்த நிலையில், தொடர்ந்தாலும் பலன் தெரியாது என்று நிறுத்தினார்கள். கூட்டுக் குழு 9.3 மாதம். தனி மாத்திரைக் குழு 9.4 மாதம். பக்க விளைவு மட்டும் கூட்டில் அதிகம். எர்லோடினிப் என்ற இன்னொரு மாத்திரையைச் சோராஃபெனிப்போடு சேர்த்த 720 பேர் சோதனையும் அதே வழியில் போனது.

சிறிய சோதனையில் ஜொலித்தது பெரிய சோதனையில் மங்குவது நமக்குப் புதிதில்லை. மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்காத ஊர் இந்தப் பக்கம் இருக்காது. 1988இல் சென்னை ஆய்வாளர்கள், ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க்கோடு சேர்ந்து, அந்த வைரஸ் உடலில் தங்கிவிட்டவர்களுக்குக் கீழாநெல்லித் தூள் கொடுத்துப் பார்த்த முடிவை ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள். தூள் சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு வைரஸின் அடையாளம் ரத்தத்திலிருந்து மறைந்தது. மருந்தில்லாத் தூள் சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே மறைந்தது. உலகம் திரும்பிப் பார்த்தது. பின்னர் பிற நாடுகளில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. சோதனை செய்தவர்கள் ஏமாற்றினார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. சிறிய எண்ணிக்கையில் தற்செயலுக்கும் பலனுக்கும் வேறுபாடு காண்பது கடினம். செடியின் வகையும் நோயாளியின் நிலையும் இடத்துக்கு இடம் மாறும். அதனால்தான் திரும்பச் செய்து பார்க்க வேண்டியிருக்கிறது. சென்னையில் செய்ததற்கும் அமெரிக்காவில் செய்ததற்கும் ஒரே விதிதான்.

## 2020: கூட்டு முதன்முறையாக வென்றது

‘ஐஎம்பிரேவ் 150’ சோதனையில் 501 பேர். மூன்றில் இரண்டு பங்கினருக்கு அடெசோலிசுமாப் என்ற எதிர்ப்பூசியும், வெஜ்எஃப் பொருளைத் தடுக்கும் பெவாசிசுமாப்பும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை. மீதிப் பேருக்குச் சோராஃபெனிப். இங்கே ஒப்பீட்டில் குறையில்லை. அன்றைக்கு இருந்த நிலைத்த சிகிச்சையோடுதான் மோதினார்கள்.

ஓராண்டு முடிவில் கூட்டுக் குழுவில் 100க்கு 67 பேர் உயிரோடு இருந்தார்கள். சோராஃபெனிப் குழுவில் 100க்கு 55 பேர். பின்னால் வந்த முழுக் கணக்கில் நடுமதிப்பு ஆயுள் 19.2 மாதம், 13.4 மாதம்.

முதல் அறிக்கை வந்தபோது ‘இறப்பு அபாயம் 42 சதவீதம் குறைந்தது’ என்று செய்திகள் எழுதின. அது சரிதான். ஆனால் 100 பேரில் 42 பேர் பிழைத்தார்கள் என்று அதைப் புரிந்துகொண்டவர்கள் ஏராளம். அந்த 42 ஒரு குழுவின் இறப்பு வேகத்தை இன்னொரு குழுவின் வேகத்தோடு வைத்துச் சொல்லும் ஒப்பீடு. ஓராண்டில் கூடுதலாக உயிரோடு இருந்தவர்கள் 100க்குச் சுமார் 12 பேர். இதுவும் சின்ன விஷயமில்லை.

அதன் பிறகு வந்தவற்றில் சில:

1. ‘ஹிமாலயா’: ட்ரெமெலிமுமாப் என்ற இன்னோர் எதிர்ப்பூசி ஒரே ஒரு முறை, டர்வாலுமாப் நான்கு வாரத்துக்கு ஒருமுறை. கூட்டில் 16.4 மாதம், சோராஃபெனிப்பில் 13.8 மாதம். நடுமதிப்பில் பெரிய பாய்ச்சல் இல்லை. ஆனால் ஐந்தாண்டு கழித்துக் கூட்டுக் குழுவில் 100க்குச் சுமார் 20 பேர் இருந்தார்கள், சோராஃபெனிப் குழுவில் 9 பேர். நீண்ட நாள் வாழும் சிறு கூட்டம் ஒன்றை இந்தச் சிகிச்சை உண்டாக்குகிறது. நடுமதிப்பை மட்டும் பார்ப்பவருக்கு அது தெரியாது.

2. ‘செக்மேட் 9டிடபிள்யூ’: நிவோலுமாப்பும் இபிலிமுமாப் என்ற இன்னோர் எதிர்ப்பூசியும். கூட்டில் 23.7 மாதம், தனி மாத்திரையில் 20.6 மாதம். ஆனால் முதல் ஆறு மாதத்தில் கூட்டுக் குழுவில்தான் இறப்பு அதிகம். அதற்குப் பிறகே, உயிரோடு இருப்பவர்களின் பங்கைக் காட்டும் வரைபடக் கோடுகள் குறுக்கே கடந்து கூட்டு மேலே போனது. கல்லீரல் தள்ளாடும் ஒருவருக்கு இந்த ‘முதல் ஆறு மாதம்’ மிகப் பெரிய விஷயம்.

3. ‘லீப் 002’: லென்வாடினிப்போடு பெம்ப்ரோலிசுமாப் சேர்த்தது. 21.2 மாதம். தனி லென்வாடினிப் 19.0 மாதம். எண்ணைப் பார்த்தால் கூட்டு முந்தியது போல் இருக்கிறது. ஆனால் தற்செயலாக இருக்க இவ்வளவுக்குள்தான் வாய்ப்பு இருக்க வேண்டும் என்று தொடங்கும் முன்பே எழுதி வைத்த வரம்பை அது தொடவில்லை. ஆகவே தோல்வி என்றே பதிவானது. முடிவைப் பார்த்துவிட்டு வரம்பைத் தளர்த்தினால் பிறகு எந்தச் சோதனையையும் நம்ப முடியாது.

## ஏட்டுக் கணக்கும் கைக்கு வந்ததும்

செய்தித் துணுக்குகள் முட்டிக்கொள்வதற்குப் பெரிய காரணம் இது. சோதனைகள் மூன்று வேறு விஷயங்களை அளக்கின்றன: கட்டி எவ்வளவு சுருங்கியது, நோய் வளராமல் எத்தனை மாதம் நின்றது, நோயாளி எத்தனை மாதம் வாழ்ந்தார்.

பர்மாவில் கொடுக்கல் வாங்கல் வைத்திருந்த நகரத்தார் குடும்பங்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். பேரேட்டில் வரவேண்டியது லட்சக்கணக்கில் நிற்கும், பெட்டிக்கு வந்து சேர்ந்ததுதான் ஊர்க் கணக்கு. நோய் வளராத காலம் என்பது பேரேட்டு வரவு. வாழ்ந்த காலமே பெட்டிக்கு வந்தது.

கபோசான்டினிப் என்ற மாத்திரையையும் அடெசோலிசுமாப்பையும் சேர்த்த ‘காஸ்மிக் 312’ சோதனை இதற்கு நேரடி உதாரணம். நோய் வளராத காலம் சோராஃபெனிப்பில் 4.2 மாதம், கூட்டில் 6.8 மாதம். தெளிவான வெற்றி. ஆயுளோ கூட்டில் 15.4, சோராஃபெனிப்பில் 15.5.

2025 ஜனவரியில் ஒரே ‘லான்செட்’ இதழில் டேஸ் கூட்டுச் சோதனைகள் இரண்டு வெளியாயின. ‘எமரால்டு 1’ டேஸோடு டர்வாலுமாப், பெவாசிசுமாப் இரண்டையும் சேர்த்தது. நோய் வளராத காலம் 8.2 மாதத்திலிருந்து 15.0 மாதமானது. அதே சோதனையில் பெவாசிசுமாப் இல்லாமல் டர்வாலுமாப் மட்டும் சேர்த்தவர்களுக்குத் தெளிவான பலன் இல்லை. ‘லீப் 012’ டேஸோடு லென்வாடினிப், பெம்ப்ரோலிசுமாப் சேர்த்தது. 10.0 மாதம் 14.6 மாதமானது. சிகிச்சையால் வந்த கடுமையான பக்க விளைவு டேஸ் மட்டும் செய்தவர்களில் 100க்குச் சுமார் 32 பேருக்கு, கூட்டில் 71 பேருக்கு. இரண்டாண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் டேஸ் மட்டும் செய்தவர்களில் 69 சதவீதம், கூட்டில் 75 சதவீதம். நிரூபணம் என்று சொல்ல அந்த அறிக்கையில் அது போதவில்லை.

நோய் வளராத காலம் பயனற்றது என்று சொல்லவில்லை. அந்த மாதங்களில் வலி குறைந்து, சோறு இறங்கி, நடமாட்டம் இருந்தால் அதற்கே மதிப்புண்டு. அந்த மாதங்களை ரத்த அழுத்தமும் வயிற்றுப்போக்கும் உள்ளங்கைத் தோல் உரிதலும் தின்றுவிட்டால் கணக்கு வேறு. ஆகவே வாழ்க்கைத் தரத்தையும் அளந்தார்களா என்று பார்க்க வேண்டும். பெரும்பாலான தலைப்புச் செய்திகள் அந்த வரியைத் தொடுவதே இல்லை.

எதிர்த்திசையில் ஒரு வெற்றியும் உண்டு. சீனாவில் நடந்த ‘லாஞ்ச்’ சோதனை லென்வாடினிப் சாப்பிடுபவர்களுக்கு டேஸையும் சேர்த்தது. 338 பேர். ஆயுளே 11.5 மாதத்திலிருந்து 17.8 மாதமாகக் கூடியது. அவர்களில் பெரும்பாலோர் ஹெபடைட்டிஸ் பி காரணமாக நோய் வந்தவர்கள். நம் பக்கத்தில் மதுவும் கொழுப்புக் கல்லீரலும் காரணமாக வருகிறவர்களுக்கு அதே எண் பொருந்துமா என்பது தனிக் கேள்வி. ஐஎம்பிரேவ் 150இன் பிந்தைய கணக்கிலும் வைரஸ் காரணமில்லாதவர்களிடம் கூட்டின் மேன்மை தெரியவில்லை. ஆனால் சோதனையை உடைத்துச் சிறு குழுவாகப் பார்க்கும் கணக்குகள் அந்தக் கேள்விக்காக வடிவமைக்கப்பட்டவை அல்ல. ஆகவே ‘சர்க்கரை நோயாளிக்கு இந்த ஊசி வேலை செய்யாது’ என்று முடிவு கட்டுவதும் தவறு.

ஒப்பீட்டு மருந்து பழசாகிப்போவது இன்னொரு சிக்கல். குறிபார்த்த கதிர்வீச்சைச் சோராஃபெனிப்போடு சேர்த்த ஒரு சோதனைக்கு 292 பேர் தேவைப்பட்டார்கள். 177 பேரோடு நிறுத்த வேண்டியதாயிற்று, ஏனென்றால் நிலைத்த சிகிச்சையே நடுவில் மாறிவிட்டது. முடிவு தனி சோராஃபெனிப்பில் 12.3 மாதம், கூட்டில் 15.8 மாதம் என்று நம்பிக்கை தரும்படி இருந்தாலும், இன்றைய ஊசிகளோடு சேர்த்தால் என்ன ஆகும் என்பதை அது சொல்லாது.

## நம் ஊர் நோயாளிக்கு இதில் எது பொருந்தும்

சோதனைகளில் சேர்ந்தவர்கள் சைல்ட் ‘ஏ’ பிரிவு, எழுந்து நடமாடுபவர்கள் என்று முன்பே சொன்னோம். வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி முதன்முறையாக மருத்துவமனைக்கு வருபவர் பெரும்பாலும் அந்தப் பட்டியலில் இல்லை. அவருக்கு இரண்டு மருந்தைக் கூட்டுவது கல்லீரலின் மேல் இரண்டு சுமை ஏற்றுவதாக முடியலாம். மருத்துவர் ஒரே மருந்தோடு நிற்பதற்கும், சில நேரம் மருந்தே வேண்டாம், வலியும் நீரும் குறைய வழி பார்ப்போம் என்பதற்கும் இதுதான் காரணம். அது கைவிடுவது ஆகாது.

பெவாசிசுமாப் ரத்தக்கசிவை உண்டாக்கும். சிரோசிஸ் உள்ளவர்களுக்கு உணவுக்குழாயில் உள்ள ரத்தக்குழாய்கள் புடைத்திருப்பது சகஜம். ஆகவே ஊசி தொடங்கும் முன் எண்டோஸ்கோபி பார்த்து, புடைப்பு இருந்தால் அதைக் கட்டுப்படுத்தியாக வேண்டும். ‘வயித்துக்குள்ள குழாய் விட வேண்டாம்’ என்று பெரியவர்கள் மறுப்பதும், பிள்ளைகள் அதற்கு இணங்குவதும் நடக்கிறது. ரத்த வாந்தி எடுத்த பிறகு வருந்திப் பயனில்லை. ஹெபடைட்டிஸ் பி இருந்தால் வைரஸை அடக்கும் மாத்திரையைச் சிகிச்சை தொடங்கும்போதே ஆரம்பித்துத் தொடர வேண்டும். தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் திட்டத்தில் அரசு மருத்துவமனைகளில் அது இலவசம்.

எதிர்ப்பூசிகளின் பக்க விளைவு வேறு வகை. தூண்டிவிடப்பட்ட எதிர்ப்புச் செல்கள் குடலையும் தைராய்டையும் நுரையீரலையும், கல்லீரலையுமே தாக்கலாம், அதுவும் ஊசி போட்டுப் பல வாரம் கழித்து. காரைக்குடியிலிருந்து மதுரையும் திருச்சியும் ஏறக்குறைய 90 கி.மீ. நடு இரவில் வயிற்றுப்போக்கு நிற்காமல் போனால் முதலில் பார்ப்பது உள்ளூர் மருத்துவரைத்தான். அவரிடம் ‘இன்ன ஊசி போட்டிருக்கிறது’ என்ற சீட்டைக் காட்டாவிட்டால் சாதாரண வயிற்றுக்கோளாறு என்றே மருந்து எழுதுவார். இந்த விளைவுகளுக்குப் பல நேரம் ஸ்டீராய்டு தேவைப்படும்.

## சோதனையில் சேரச் சொன்னால்

சென்னை, வேலூர், மதுரை போன்ற ஊர்களின் பெரிய மருத்துவமனைகளில் சோதனையில் சேரும்படி கேட்டால் ‘நம்மை எலியாக்குகிறார்கள்’ என்று உடனே எழுந்து வரவும் வேண்டாம், ‘ஓசியில் நல்ல மருந்து’ என்று உடனே கையெழுத்துப் போடவும் வேண்டாம். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகளின்படி சில உரிமைகள் எழுத்தில் இருக்கின்றன: புரியும் மொழியில் ஒப்புதல் படிவம், எப்போது வேண்டுமானாலும் விலகும் உரிமை, சோதனையால் பாதிப்பு வந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும். இந்தியாவில் நடக்கும் ஒவ்வொரு சோதனையும் சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். 2009 முதல் இது கட்டாயம். பதிவு எண்ணைக் கேட்டு இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

கேட்க வேண்டியவை:

1. குலுக்கலில் ஒப்பீட்டுக் குழுவில் விழுந்தால் எனக்கு என்ன மருந்து? இன்று வெளியில் கிடைக்கும் சிறந்த சிகிச்சையா, அதைவிடக் குறைந்ததா?

2. இது எத்தனையாவது கட்டம்? முதல் கட்டம் என்றால் எவ்வளவு மருந்தை உடல் தாங்கும் என்று பார்ப்பதே முதன்மை நோக்கம்.

3. என் சைல்ட் புள்ளி எவ்வளவு? சிகிச்சையின் நடுவில் அது ஏறினால் மருந்தை நிறுத்துவீர்களா?

4. எத்தனை முறை வர வேண்டும், பயணச் செலவு யாருடையது? பல்லவன் ரயிலில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை சென்னை போய் வருவது, உடன் வருபவரின் சம்பளத்தையும் சேர்த்துத்தான் கணக்கு.

5. சோதனை முடிந்த பிறகும் மருந்து எனக்குப் பலன் தந்துகொண்டிருந்தால், தொடர்ந்து கிடைக்குமா?

ஐந்தாவது கேள்வி பணத்தைப் பற்றியது. சோராஃபெனிப்பின் மாதச் செலவு ஒரு காலத்தில் சுமார் 2,80,000 ரூபாய். 2012 மார்ச்சில் இந்தியக் காப்புரிமைத் தலைமை அலுவலர், நாட்டின் முதல் கட்டாய உரிமத்தை நாட்கோ நிறுவனத்துக்கு வழங்கி, அதே மருந்தை மாதம் 8,880 ரூபாய்க்கு விற்க வழிசெய்தார். சென்னையில் இருந்த மேல்முறையீட்டு வாரியம் அடுத்த ஆண்டு அதை உறுதி செய்தது. பெவாசிசுமாப்புக்கு இன்று இந்திய நிறுவனங்களின் ஒத்த மருந்துகள் பல இருக்கின்றன. கூட்டின் மறுபாதியான எதிர்ப்பூசிதான் செலவைத் தூக்குகிறது. எது எந்த அளவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வரும் என்பதை, ஊசிக்குத் தேதி குறிக்கும் முன்பே மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். போகும்போது மூன்று கட்ட சி.டி. ஸ்கேன் குறுந்தகடு, ஏ.எஃப்.பி. (கல்லீரல் புற்றின் அடையாளம் பார்க்கும் ரத்தப் பரிசோதனை), பிலிரூபின், ஆல்புமின், ரத்த உறைவு அறிக்கைகள், கடைசியாகப் பார்த்த எண்டோஸ்கோபி சீட்டு, ஹெபடைட்டிஸ் பி, சி முடிவுகள் எல்லாம் ஒரே உறையில் இருக்கட்டும். நாட்டு மருந்து ஏதாவது சாப்பிட்டுக்கொண்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். சில பொடிகளும் லேகியங்களும் கல்லீரலுக்கான ரத்தப் பரிசோதனை அளவுகளை ஏற்றிவிடும். அதை அறியாமல் ஊசியின் விளைவு என்று நினைத்து நல்ல மருந்தை நிறுத்திவிடவும் வாய்ப்புண்டு.